மெழுகில் ஒரு பல் கூடுதல்

திங்கட்கிழமை சாயங்காலம் கழுவிய மெழுகில் ஒரு பல் கூடுதலாகப் பதிந்திருந்தது.

குழந்தையின் எச்சிலை அலசிவிட்டு, பழக்கதோஷத்தில் அந்த ரோஸ் நிறத் துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. கடி பார்ப்பது அவளுடைய பிழைப்பு. பல் செட் செய்து கொடுக்கும் லேபில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர்கள் நோயாளியை மெழுகில் கடிக்கவைத்து அனுப்புவார்கள். அந்தப் பள்ளங்களை வைத்தே, ஆளை ஒருமுறைகூடப் பார்க்காமல், இவர் ஒரு பக்கமாக மெல்கிறவர், இவர் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர் என்று சொல்லிவிடுவாள்.

மகனுக்கு ஒன்றரை வயது. மேலே நாலு, கீழே நாலு என்று முன்பற்கள் எட்டும் சமர்த்தாக வந்துவிட்டன. கடைவாய்ப் பற்கள்தான் உயிரை எடுத்தன. வலது மேல்பக்கம் ஒன்று மட்டும் ஈறைக் கிழித்துக்கொண்டு அரிசி முனையளவு எட்டிப் பார்த்தது. மற்ற மூன்றும் உள்ளேயே நின்று முட்டிக்கொண்டிருந்தன. கன்னம் சிவந்து, காதைப் பிய்த்துக்கொண்டு, சட்டைக் கழுத்து முழுக்க நனைய அவன் அழுத அழுகைக்கு அவள் குளிர்ந்த துணி கொடுத்துப் பார்த்தாள், விரலால் ஈறை நீவிவிட்டாள், ரப்பர் வளையம் வாங்கித் தந்தாள். வளையத்தை அவள் மூக்கின் மேலேயே எறிந்தான். கடைசியில் லேபில் மிஞ்சிய மெழுகுத் தகட்டை எடுத்துவந்து, மடித்து, கை பழகிய அளவிலேயே லாடம்போல வளைத்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தாள். நோயாளி வாயில் வைப்பதுதானே, பிள்ளை வாயில் வைத்தால் என்ன? பல் லேபில் வேலை பார்க்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி அது. அவன் ஓரத்தைக் கடித்தான். அழுகை நின்றது.

நின்றால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஏனென்றால் அவள் கணவன் எட்டு மணிக்கே உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான். பஸ் டிரைவர், விடியற்காலை நாலு மணிக்கு முதல் பஸ்ஸை எடுக்க வேண்டும். குழந்தை அழுதால் கதவுக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்.

"பல்லு முளைக்கறதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? அம்பது உசுரு என் கையில இருக்கு, தெரியுமில்ல?"

அந்த ஐம்பதில் அவளும் பிள்ளையும் சேர்த்தி இல்லை. இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூடுதல் பல், அரிசி முனைக்குப் பின்னால் அகலமாக, முழுசாக வளர்ந்த பல்லாகப் பதிந்திருந்தது. மகனின் வாயைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தாள். வீங்கின ஈறுதான் இருந்தது. ஒரே இடத்தில் இரண்டு தடவை கடித்திருப்பான் என்று நினைத்து, மெழுகை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் அவள் தலையணை ஈரமாக இருந்தது. பிள்ளையின் எச்சில் என்று உறையை மாற்றினாள்.

செவ்வாய்க்கிழமை மெழுகில் மூன்று பற்கள் கூடுதல். புதன்கிழமை எண்ணவே தேவைப்படவில்லை. லாடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பெரிய மனிதர் ஒருவரின் முழு வரிசை பதிந்திருந்தது. அந்த லாடத்தை வாங்கிக்கொள்ளும் அளவுக்குக் குழந்தையின் வாய் திறக்காது. திறந்தால் கிழியும்.

அன்று லேபில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஈறு முழுக்க ஒரு அரிப்பு. மதியம் கொண்டுபோன ரொட்டியை மெல்ல முடியாமல் டீயில் நனைத்து முழுங்கினாள். பிளாஸ்டர் அச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அதன்மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அவள் வாயிலிருந்துதான்.

"என்னம்மா, எச்சில் ஊறுது? அச்சைப் பார்த்தா அல்வா மாதிரியா இருக்கு?" என்றார் லேப் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் மெழுகைக் காட்டினாள். "நீங்க இதைக் கடிச்சீங்களா?"

"எனக்கு வேற சோறே கிடைக்கலையா?" என்றான் அவன். அவன் கடியாக இருக்க முடியாது என்பது அவளுக்கே தெரியும்; அவனுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் அவள் கட்டிக்கொடுத்தது, அவற்றின் பதிவு இதில் இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டாள்.

வியாழக்கிழமை பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, மூன்று நாள் மெழுகையும் மேஜையில் வரிசையாக வைத்து, லேபில் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு முன்பல், பக்கத்துப் பல்லின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. கீழே இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடம் காலி.

அவள் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போனது. கீழ்வரிசை, இடது பக்கம். கர்ப்பமாக இருந்தபோது வலித்த பல். பிரசவம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான் கணவன். அப்புறம் பார்த்தபோது பிடுங்கத்தான் முடிந்தது. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவள் வாயில் இரண்டு வருடமாக ஒரு பொந்து. 'பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, உனக்கு மட்டும் ஏண்டி கூடிப்போச்சு?' என்று அன்றைக்கு அவன் சொன்ன ஜோக்கும் அந்தப் பொந்திலேயே குடியிருந்தது.

புதிதாக ஒரு தகட்டை எடுத்துத் தானே கடித்துப் பார்த்தாள். பக்கத்தில் வைத்தாள். அதே கால்மேல் கால். அதே காலி இடம். ஒரு வித்தியாசம்: பிள்ளையின் மெழுகில் பள்ளங்கள் ஆழமாக இருந்தன, இவளுடையதில் கடைவாய்ப் பக்கம் வெறும் நிழல்போல. அசதியில் சரியாகக் கடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டாள்.

ஆக, கடித்தது அவள்தான். தூக்கக் கலக்கத்தில், தனக்கே தெரியாமல், பிள்ளையின் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கடித்திருக்கிறாள். பயமாகவும் இருந்தது, ஒரு விதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அதைக் கணவனிடம் சொன்னதுதான் தப்பு.

படுக்கப் போகுமுன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே அவன் கேட்டுக்கொண்டான். கடைசியில் சொன்னான்: "அக்காவை வரச் சொல்லிடறேன். சனிக்கிழமை காலைல வந்துடுவா. ஒரு ஆறு மாசம் பையன் அவகிட்ட இருக்கட்டும்."

"ஏங்க... பால்குடி மறந்தே ரெண்டு மாசம்தாங்க ஆகுது."

"நீயே மெழுகைத் தின்னுட்டு அதைக் கதையா சொல்ற. உன்கிட்ட எப்படி விடறது? நாளைக்கு ராத்திரி அவன் சத்தமில்லாம தூங்கட்டும், அக்காவை வேணாம்னு சொல்றேன். ஒரு சத்தம் கேட்டுதுன்னா காலைல கிளம்பிடுவான்."

வெள்ளிக்கிழமை அவள் ஒரு முடிவோடு இருந்தாள். ஏழு மணிக்கே பிள்ளைக்கு ஊட்டி, முகம் துடைத்து, ஈறை நீவிவிட்டாள். லேபில் போட்டுக்கொள்ளும் துணி முகமூடியை எடுத்து, பின்மண்டையில் இரண்டு முடிச்சாக இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இனி தானே நினைத்தாலும் எதையும் கடிக்க முடியாது. எட்டு மணிக்கு உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. விளக்கை அணைக்காமல், தரையில் பாயை விரித்து, மகனை எதிரே உட்காரவைத்துக்கொண்டாள். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகியது. அடுப்படிக் குழாய் மூடியும் மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகின் இனிப்பு வாடையும், புளித்த எச்சில் வாடையும், முகமூடிக்குள் அவளுடைய சொந்த மூச்சின் சூடும் ஒன்றாகக் கலந்திருந்தன. பிள்ளையின் உதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறான்.

மெழுகைக் கொடுத்தாள்.

இரண்டு கையாலும் வாங்கினான். அவளையே பார்த்தான். முழு லாடத்தையும் வாய்க்கு நேரே கொண்டுபோனான். அவனால் முடியாது, ஓரத்தைத்தான் கடிப்பான் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தபோது, அவனுடைய இடது தாடை மூட்டு 'க்ளக்' என்றது.

அது அவளுடைய சத்தம். கொட்டாவி விடும்போதெல்லாம் அவள் தாடை போடும் சத்தம்.

மெழுகு உள்ளே போனது. முழுசாக.

அவன் மென்றான். அழவில்லை. கண்கொட்டாமல், நிதானமாக, இடது பக்கம் வலிக்காதபடி வலது பக்கமாகவே மென்றான். இரண்டு வருடமாக அவள் மெல்வதுபோல.

உள்ளறையிலிருந்து கட்டில் கிறீச்சிட்டது.

"எவ்ளோ நேரமா அழறான்! வாயை மூட வைக்க மாட்டியா?"

அவள் பிள்ளையைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. அழவில்லையே.

காது கொடுத்தாள்.

ஒரு அழுகை கேட்டது. மெல்லிசாக, தொண்டை கட்டிப்போய், விட்டுவிட்டு. ரொம்ப நேரமாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். இந்த அறையில்தான். மிகப் பக்கத்தில்.

முகமூடி நனைந்திருந்தது. மோவாயில் ஒழுகியது. கழுத்தில். ரவிக்கைக்குள்.

'ஏங்க, இது அவனில்ல' என்று கூப்பிட நினைத்தாள்.

"ஏ... ங்ஙா... ஏ..."

நாக்கை நகர்த்தினாள். முன்பற்கள் இருந்தன. மேலே நாலு. கீழே நாலு. சின்னதாக. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. வழவழவென்று ஈறு. வீங்கி, கொதித்து, தொட்டால் உயிர் போனது. வலது மேல்பக்கம் மட்டும் ஏதோ குத்தியது.

அரிசி முனையளவு.

பிள்ளை எழுந்து நின்றான். தள்ளாடாமல் நடந்து வந்தான். அவள் பின்மண்டையில் இரண்டு முடிச்சையும் சின்னஞ்சிறு விரல்களால் அவிழ்த்து, முகமூடியை எடுத்து, அதன் உலர்ந்த பக்கத்தால் அவள் மோவாயைத் துடைத்துவிட்டான். சிரித்தான். முன்பல் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. ஒண்ணுமில்ல. பல்லு வருதில்ல, அதான்."

அவளுடைய குரல். ஒன்றரை வருடத் தூக்கமின்மை முழுக்க அதில் இருந்தது.

தன் வாயிலிருந்து மெழுகை எடுத்து, அவள் வாயில் வைத்தான். முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவள் தட்டுகிற அதே தாளத்தில்.

"கடி. நல்லா கடி."

கடித்தாள். ஐயோ, எவ்வளவு இதமாக இருந்தது. அழுகை நின்றது.

"அப்பாடா" என்று உள்ளறையில் கணவன் புரண்டு படுத்தான்.

"இன்னிக்கு அழுதுட்டியே, செல்லம்" என்றது அவள் குரல், வருத்தமாக. "காலைல அத்தை வருவாங்க. சமர்த்தா அவங்களோட போகணும், என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். எச்சில்தான் வந்தது.

மெழுகை அவள் வாயிலிருந்து உருவி, எக்கி நின்று, அவன் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்தில் புதிதாகப் பதிந்திருந்த எட்டுச் சின்னப் பள்ளங்களையும், அவற்றுக்குப் பின்னால் இருந்த ஒரு புள்ளியையும், விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான்.