ஹனானுக்கு ஒரு கண்ணாடி

"யம்மா, இவரு நாலு மணிக்குள்ள கப்பலுக்குத் திரும்பணுமாம்! சீக்கிரம்!" இந்துமதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மணி மூன்று.

தூத்துக்குடியில் அவள் அம்மா முத்துக்கனி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். கடையில் நின்றவர் சூடான் நாட்டு மாலுமி சுலைமான். அவர் நாட்டில் போர். குண்டு விழுந்து வீடு அதிர்ந்ததில் மகள் ஹனானின் கண்ணாடி நொறுங்கிவிட்டது. அங்கே கண்ணாடிக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

"குண்டுச் சத்தம் கேட்டால் எல்லாரும் மாடியிலிருந்து கீழே ஓடுவோம். கண்ணாடி இல்லாமல் ஹனானுக்குப் படி தெரியாது. இரண்டு தடவை விழுந்துவிட்டாள்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா அதை இந்துமதிக்குத் தமிழில் சொன்னாள்.

"பவர் எவ்வளவு?" என்று அம்மா கேட்டாள். சுலைமான் கையை விரித்தார்.

"பவர் தெரியாம எப்படிளா குடுக்க? தப்பா போட்டா தலைதான் சுத்தும்."

இந்துமதி மூளையைக் கசக்கினாள். சட்டென்று துள்ளினாள்.

"யம்மா! பவர் சீட்டைக் கண்ணாடி டப்பாக்குள்ள, துணிக்கு அடியில வச்சுத்தான நாம குடுக்கோம்? அவங்க ஊர்க் கடையிலயும் வச்சிருந்தா?"

"அட, ஆமாளா!"

சுலைமான் உடனே வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டார். திரை முழுக்க ஒரு மூக்கு! ஹனான் கைபேசியை முகத்தோடு ஒட்டி வைத்துதான் பார்த்தாள். அப்பா சொன்னதும் தடவித் தடவிப் போய் டப்பாவை எடுத்து வந்தாள். கவிழ்த்தாள். துணி விழுந்தது. சீட்டு இல்லை.

"நல்லா உள்ள பாக்கச் சொல்லும்மா!" என்று இந்துமதி கத்தினாள். அம்மா அதைச் சுலைமானிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஹனான் விரலை விட்டுத் துழாவினாள். அடியில் ஒட்டிக்கிடந்த சீட்டு கையோடு வந்தது! அதைத் திரையில் காட்டினாள். அரபு எழுத்து இந்துமதிக்குப் புரியவில்லை. ஆனால் எண்கள் புரிந்தன.

"ரெண்டு கண்ணும் மைனஸ் நாலு! யம்மா, நம்மகிட்ட இருக்கா?"

"இருக்கு!"

இயந்திரம் கிர்ரென்று சுற்றி லென்ஸை வெட்டியது. ஹனானுக்கும் தன்னைப் போல ஒன்பது வயது என்பதால், இந்துமதி ஒவ்வொரு பிரேமாகத் தானே போட்டுப் பார்த்து ஊதா நிறத்தில் ஒன்றை எடுத்தாள். மூன்றே முக்காலுக்குச் சுலைமான் கண்ணாடியோடு ஆட்டோவில் பறந்தார்.

கப்பல் சூடானுக்குப் போய்ச் சேர இரண்டு வாரம் ஆனது. அன்று மாலை அழைப்பு வந்தது. ஊதாக் கண்ணாடி போட்ட ஹனான், கைபேசியை எட்டப் பிடித்துக்கொண்டு இந்துமதியை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"உன் மூக்கு நுனியில் வெள்ளையாக என்ன என்று கேட்கிறாள்" என்றார் சுலைமான். அம்மா அதைத் தமிழில் சொன்னாள்.

இந்துமதி அவசரமாகத் துடைத்தாள். அம்மா அலமாரியில் ஒளித்து வைத்திருந்த மக்ரூன் இனிப்பின் தூள்!

"ஏளா!" என்றாள் அம்மா.

"யம்மா, அவளுக்குத் தூள்கூடத் தெரியுது!" என்று இந்துமதி கடையே அதிரக் கத்தினாள்.