கழற்றிய வரிசை

ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கி மேசைமேல் வைத்த பிறகும் கம்ப்யூட்டர் ‘பீப்’ என்றது.

மெக்கானிக் தன் காதைக் குடைந்துகொண்டார். ஊரார் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். சொந்த வீட்டு மெஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலந்தான் நேரம் வாய்த்தது. நீளமாக ஒரு பீப், குட்டியாக இரண்டு. திரை கும்மிருட்டு.

“என்னங்க, உசிர் இருக்கா, போயிடுச்சா?” சமையலறையிலிருந்து மனைவி.

“நாடி பாத்துட்டிருக்கேன். சொந்தக்காரங்களுக்கு இப்பவே சொல்லிவிட்டுடாத.”

“நாளைக்குக் காலையில எனக்கு அதுல வேலை இருக்கு. உங்க ஜோக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

நறுக்கும்போது வெங்காயத்திடம் பேசுவாள், கத்தியைத் திட்டுவாள், வராத விருந்தாளிக்குப் பதில் சொல்வாள். அந்தத் தொணதொணப்பு காதில் விழாவிட்டால் அவருக்கு ஒரு ஸ்க்ரூகூட ஒழுங்காகத் திரும்பாது. கேட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று அவளிடம் இதை இதுவரை சொன்னதில்லை.

பீப் அடிக்கிற மெஷினுக்குத் தொழிலில் ஒரே வழிதான்: ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக் காது கொடுப்பது. சூடேறிய தூசியின் வாடை மூக்கில் ஏற, கேபினட்டுக்குள் தலையை விட்டு, கிராபிக்ஸ் கார்டை உருவி எடுத்தார். பீப் நிற்கவில்லை, சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்தான் நின்றது. முள் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். குழாயடி வாளியில் சொட்டு விழுந்தது, தண்ணீரில் வட்டம் விரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

இரண்டு மெமரிப் பட்டைகளில் ஒன்றை எடுத்தார். தலைக்கு மேலே மின்விசிறி ஊமையாகச் சுற்றியது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தொழில் பழகிய கை. மூளையைக் கேட்காமல் இரண்டாவது மெமரியையும் உருவிவிட்டது.

“இந்தப் பாழாப்போன கத்தி இருக்கே, இத—”

அவ்வளவுதான்.

“ஏய்?”

பீப் மட்டும்.

“விளையாடாத. ஏதாவது பேசேன்.”

எல்லாவற்றையும் திரும்ப மாட்டப் பாய்ந்தார். எதை எங்கிருந்து எடுத்தோம் என்று குறித்துவைப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்று கடையில் பீற்றிக்கொள்பவர். மேசைமேல் இரண்டு மெமரியும் அச்சு அசலாக ஒன்றுபோல் கிடந்தன. எது முதலில் எடுத்தது? எது எந்தச் செருகுவாயில் இருந்தது? செருகினார். அழுத்தினார். ஸ்பீக்கரையும் மாட்டினார்.

சுவிட்சை அணைத்து மறுபடி தட்டினார்.

பீப் நின்றது. திரையில் வெளிச்சம்.

அப்பாடா.

டிக்டிக் கேட்டது. குழாயிலிருந்து.

சொட்டு விழுந்தது. கடிகாரத்துக்குள்.

மின்விசிறியின் இரைச்சல் தரைக்கடியில் சுற்றியது.

அறையின் வாசற்படியில் மனைவி வந்து நின்றாள். கையில் கத்தி. கண்ணில் தண்ணீர். அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

பீ...ப். பீப். பீப்.

திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் மறுபடியும் வந்தது.

“என்னங்க...”

அவள் குரல். சின்னதாக. திறந்து கிடந்த கேபினட்டின் தூசிக்குள்ளிருந்து.

“இங்க ஒரே இருட்டா இருக்குங்க.”

அவர் கை மெமரிக்குப் போனது. தொட்டதுதான் தாமதம், உள்ளே அலறல். படியில் நின்றவள் மடங்கிச் சரிந்தாள். கையை எடுத்துவிட்டார். எதைக் கழற்றுவது? கழற்றினால் இந்தக் குரல் எங்கே போகும்?

தரையில் கிடந்தவளின் வாய் அசைந்தது. பீப்.

“என்னங்க... மூடியை மட்டும் போட்டுடாதீங்க.”