கப்பல் போக ஒரு சந்து

கப்பல் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஒரு சைக்கிள் தண்ணீரில் போய்விடாது. போயிருந்தால் முனீராவுக்கு இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

முனீராவின் வீட்டு முச்சக்கர சைக்கிளுக்குத்தான் கப்பல் என்று பெயர். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்சக்கரங்களுக்கு நடுவே பெரிய மரப்பெட்டி. பெட்டிக்குள் மெத்தை போட்டு முனீராவின் தம்பி அஃப்னான் உட்கார்ந்திருப்பான். அவர்களுடைய உம்மா சாயிரா பானு மிதிப்பார். வாப்பா நூர்தீன் சிங்கப்பூரின் செம்பவாங் பகுதியில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவர்தான் அந்தப் பெயரை வைத்தார்.

அஃப்னானுக்கு ஆறு வயது. அதிகம் பேச மாட்டான். சத்தம் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. பேருந்து கிரீச்சென்று நின்றால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவான். பள்ளி வேனில் ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தார்கள். ஓட்டுநரும் சேர்ந்து அழாத குறைதான்.

ஆனால் கப்பலில் ஏறிவிட்டால் அவன் வேறு ஆள். தனக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வருவான். கிளந்தான் லேனில் வீடு. அங்கிருந்து கால்வாய் ஓரப் பாதையில் போனால் பன்னிரண்டு நிமிடத்தில் அவனைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி வந்துவிடும். உம்மா வேலை பார்க்கும் கிளினிக்கும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்ச் மாத விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாள், பாதையின் வாசலில் ஒரு பலகை நின்றது. கால்வாய்க் கரையைச் சீரமைக்கப் போகிறார்களாம். பாதை மூன்று மாதங்களுக்கு மூடப்படுமாம். மாற்று வழி என்று ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். முனீரா அந்த அம்பு காட்டிய பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு மேம்பாலம் இருந்தது. ஏறி எண்ணினாள். நாற்பத்திரண்டு படிகள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது உம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"இப்பதான் அவனா சட்டை பட்டன் போடக் கத்துக்கிட்டான்" என்றார். "மூணு மாசம் வீட்டுல இருந்தா எல்லாம் மறந்துடும். நானும் வேலைய விடணும். வியாழக்கிழமைக்குள்ள கிளினிக்ல சொல்லியாகணும்."

அஃப்னானின் பள்ளி அடுத்த வெள்ளிக்கிழமையே திறந்துவிடும். முனீராவின் பள்ளிக்கு அதற்கப்புறமும் விடுமுறை இருந்தது. அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் சொல்லாதீங்க உம்மா. நான் வழி கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அகிலன் தன் அக்காவின் கைப்பேசியோடு வந்தான். அவனுக்குப் பத்து வயது, முனீராவைவிட ஒரு வயது சின்னவன். வரைபடத்தைத் திறந்து, ஐந்து வழிகள் இருக்கின்றன, வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொன்னான். எந்த வழியில் படி இருக்கிறது, எந்த வழியில் சத்தம் அதிகம், எந்த வழியில் நடுவே இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்று முனீரா கேட்டாள். வரைபடத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை. அகிலனும் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான்.

முனீரா கப்பலின் அகலத்தை அளந்தாள். சரியாக எழுபது சென்டிமீட்டர். துணி காயப்போடும் மூங்கில் கழி ஒன்று உடைந்து மூலையில் கிடந்தது. வாப்பா அதை எழுபத்திரண்டு சென்டிமீட்டருக்கு அறுத்துக் கொடுத்தார். இந்தக் குச்சி படுக்கைவாட்டில் நுழையும் இடத்திலெல்லாம் கப்பலும் நுழையும். இரண்டு பேரும் குச்சியை ஏந்திக்கொண்டு புறப்பட்டார்கள்.

முதலில் பெரிய சாலையின் நடைபாதை. குச்சி தாராளமாகப் போனது. அகிலன் குதித்தான். ஆனால் முனீரா அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நிமிடம் அஃப்னானின் காதால் கேட்டுப் பார்த்தாள். மூன்று பேருந்துகள், ஒரு லாரி, பக்கத்தில் தரையைத் துளைக்கும் இயந்திரம். அவளுக்கே தலை கிறுகிறுத்தது. நோட்டில் அந்த வழிக்கு ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா பக்கம் போய்ப் பார்த்தார்கள். கிழமையைக் கவனியுங்கள். தீவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வேலைக்காரத் தம்பிகளும் அண்ணன்களும் கூட்டாளிகளைப் பார்க்க வந்து கூடும் நாள் அது. டன்லப் ஸ்திரீட்டில் ஆட்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. குச்சியைப் படுக்கவைக்க இடமில்லாமல் அகிலன் அதைத் தலைக்கு மேல் கொடிக்கம்பமாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். முனீரா லிட்டில் இந்தியாவுக்கு ஒன்றல்ல, இரண்டு சிவப்புக் கோடுகள் போட்டாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சுற்றினார்கள். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளம் வழியாகப் போகலாம் என்றால், ஒவ்வொரு நுழைவிலும் இரும்புக் கம்பம் நின்றது. குச்சி கம்பத்தில் இடித்து டங் என்றது. பூங்கா வழியே போனால் கடைசியில் ஏழு படிகள். பூங்காவில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர், என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். கப்பல் போக வழி தேடுகிறோம் என்று அகிலன் உண்மையைச் சொன்னான். பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

புதன்கிழமை இரவில் நோட்டில் பதினொரு சிவப்புக் கோடுகள் இருந்தன.

முனீராவுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. விடுமுறை என்று எத்தனை முறை சொல்லியும் அஃப்னான் கேட்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் தானே சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, கப்பல் பக்கத்தில் போய் நின்றுவிடுவான். அரை மணி நேரம் அங்கேயே நிற்பான். அவனை உள்ளே கூட்டி வரும்போதெல்லாம் முனீராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை வாப்பாவுக்கு ஓய்வு நாள். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கப் போகும்போது முனீராவையும் எழுப்பிக் கூட்டிப்போனார். மணி ஏழு ஆகக் கால் மணி இருந்தது. அரைத்தூக்கத்தில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், டன்லப் ஸ்திரீட் முனையில் சட்டென்று நின்றாள்.

தெருவில் ஒருவரும் இல்லை. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. நான்கு புறாக்கள் நடுச்சாலையில் ஆர அமர நடந்து போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பார்த்து வியாழக்கிழமை காலைக்கும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது.

அதே நேரத்தில் கடைகளின் பின்சந்திலிருந்து ஒரு குப்பை லாரி பின்னோக்கி வெளியே வந்து திரும்பிப் போனது.

"வாப்பா, குப்பை லாரி போற சந்துல கப்பல் போகாதா?" என்றாள் முனீரா.

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு கப்பல் போகும்" என்றார்.

முனீரா சந்துக்குள் ஓடினாள். படி இல்லை. கம்பம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எங்கோ குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான். பெருக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம், லாரி மறுபடியும் எப்போது வரும் என்று விசாரித்தாள். இனிச் சாயங்காலம்தான் வரும் என்றார் அவர். வாப்பா இறைச்சி வாங்கி முடிப்பதற்குள் முனீரா வீட்டுக்கு ஓடி, அகிலனை எழுப்பி, குச்சியோடு திரும்பி வந்துவிட்டாள்.

சந்து நெடுகக் குச்சி போனது. சிராங்கூன் ரோட்டைத் தொட இன்னும் இருபது அடிதான். அங்கேதான் நின்றுபோனது. ஒரு காய்கறிக் கடையின் பின்வாசலில் வெங்காய மூட்டைகளும் தக்காளிக் கூடைகளும் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு பூனை போக இடமிருந்தது. அந்தப் பூனையும் அங்கே உட்கார்ந்திருந்தது.

பின்வாசலில் கடைக்காரர் சாமுண்டீஸ்வரி வந்து நின்றார். கையில் கணக்கில்லாத வளையல், குரலில் மிளகாய். "யாரு புள்ளைங்களா அது, விடியக்காலையில குச்சிய வச்சுக்கிட்டு?"

அகிலன் மெல்ல முனீராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். முனீரா நடந்ததைச் சொன்னாள். தம்பியைப் பற்றியும், அவன் தினமும் பையை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றியும் சொன்னாள். ஏழு பத்துக்கு ஒரு நிமிடம், எழுபத்திரண்டு சென்டிமீட்டர் இடம், அவ்வளவு போதும் என்றாள்.

சாமுண்டீஸ்வரியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் என்னம்மா செய்றது? காய்கறி லாரிக்காரன் அவசரத்துல ரெண்டு பக்கமும் எறிஞ்சுட்டுப் போயிடுறான். நானே இதுல தடுக்கித் தடுக்கித்தான் உள்ள போறேன். பாரு, முட்டியில காயம்."

முனீரா மூட்டைகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "ஆன்ட்டி, எல்லாத்தையும் இந்தச் சுவர் பக்கம் அடுக்கினா உங்களுக்கும் வழி கிடைக்கும்லா? நாங்க அடுக்கிக் காட்டவா?"

பதில் வருமுன்பே ஒரு தக்காளிக் கூடையைத் தூக்கிவிட்டாள். அகிலன் இன்னொன்றைத் தூக்கினான். வெங்காய மூட்டை அவர்களுக்கு அசைந்து கொடுக்கவில்லை. அதற்குள் இறைச்சிப் பையோடு தேடி வந்த வாப்பா பையைச் சுவரில் மாட்டிவிட்டு மூட்டைகளை நகர்த்தினார். பூனை தானாகவே எழுந்து போனது. பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே பக்கம் வரிசையாக நின்றன. முனீரா குச்சியைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கும் இடிக்கவில்லை. சாமுண்டீஸ்வரி தன் கடைக்குள் தடுக்காமல் போய், தடுக்காமல் திரும்பி வந்தார்.

"அந்தக் குச்சிய என்கிட்ட குடுத்துட்டுப் போ" என்றார். "நாளைக்கு லாரிக்காரன் வரட்டும். நான் பேசிக்கிறேன்."

அன்று மாலை உம்மா கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு முனீராவைப் பார்த்தார். கிளினிக்கைக் கூப்பிட வேண்டாம் என்று முனீரா தலையை ஆட்டினாள். உம்மா கைப்பேசியைக் கீழே வைத்தார். ஆனால் அஃப்னானுக்குப் பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதை நினைத்து முனீரா வெகுநேரம் புரண்டு படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. அஃப்னான் வழக்கம்போலப் பையோடு நின்றான். இந்த முறை உம்மா அவனைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். முனீராவும் அகிலனும் தங்கள் சைக்கிள்களில் முன்னே போனார்கள்.

ஜாலான் புசார் சாலையைச் சிக்னலில் கடந்து கப்பல் புதுப் பக்கம் திரும்பியதும் அஃப்னானின் முணுமுணுப்பு நின்றுபோனது. கைகள் மெல்லக் காதை நோக்கி உயர்ந்தன. முனீரா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். கப்பல் பின்சந்துக்குள் நுழைந்தது.

அங்கே, பழைய கடைவீடுகளின் முதுகில், தரையிலிருந்து மாடிவரை இரும்புச் சுருள் படிக்கட்டுகள் வரிசையாக நின்றன. முனீரா குச்சியையே பார்த்து நடந்ததில் அவற்றைக் கவனிக்கவே இல்லை. அஃப்னான் கவனித்தான். காதுக்குப் போன கை பாதியில் நின்று, முதல் படிக்கட்டைக் காட்டியது. விரலால் காற்றில் ஒரு சுருள் போட்டான். அடுத்ததற்கும் ஒன்று போட்டான்.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு. மூணு."

சந்தின் கோடியில் சாமுண்டீஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தார். மூட்டைகள் எல்லாம் சுவரோடு சுவராக இருந்தன. லாரிக்காரர் குச்சியைத் தரையில் வைத்துக் குனிந்து, இன்னொரு முறை அளந்துகொண்டிருந்தார். கப்பல் அவரைக் கடந்து போனது.

"பதினேழு" என்று முடித்தான் அஃப்னான்.

சிராங்கூன் ரோட்டுச் சிக்னல், பஃப்ளோ ரோடு, ஒரு வளைவு. பள்ளி வாசலில் ஆசிரியை கண்மணி நின்றிருந்தார். மணி ஏழு இருபத்திரண்டு. பள்ளி தொடங்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அஃப்னான் தானே இறங்கி, ஆசிரியையின் முன்னால் காற்றில் ஒரு பெரிய சுருள் போட்டுக் காட்டிவிட்டு உள்ளே போனான். அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உம்மாதான் அழுதார். முனீராவைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, "என் கண்ணு, நீ ஜெயிச்சுட்டடி" என்றார். அகிலன் தானும் கூடவே ஜெயித்ததை நினைவுபடுத்தினான். உம்மா அவனையும் இழுத்துக் கட்டிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அந்தச் சந்தில் கப்பலுக்குப் பின்னால் வேறு சைக்கிள்களும் வர ஆரம்பித்தன. ஒரு தள்ளுவண்டிக் குழந்தை, சக்கர நாற்காலியில் ஒரு தாத்தா, ஒரு தபால்காரர். சாமுண்டீஸ்வரியின் முட்டிக் காயமும் ஆறிவிட்டது.

ஜூன் மாதம் பலகையை எடுத்துவிட்டார்கள். கால்வாய்ப் பாதை புதுத் தாரும் புதுப் பூச்செடியுமாகப் பளபளத்தது. அன்று முனீராவுக்குப் பள்ளி விடுமுறை. உம்மா சந்தோஷமாகக் கப்பலைப் பழைய பாதையின் பக்கம் திருப்பினார்.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. அது வலப்பக்கத்தைக் காட்டி, காற்றில் ஒரு சுருள் போட்டது. பிறகு இன்னொன்று போட்டது. பதினேழும் போடாமல் அந்தக் கை இறங்காது என்று தெரிந்தது.

உம்மா முனீராவைப் பார்த்தார். முனீரா தன் சைக்கிளை வலப்பக்கம் திருப்பினாள், கப்பலும் அவள் பின்னாலேயே போனது.