ஜன்னல் ஓரத்து ஓடை

"எங்க வீட்டு மீன் தொட்டிக்குள்ள ஒரு ஓடை இருக்கு," என்றாள் டிலானி. "துளியூண்டு இல்ல. முழு ஓடை."

ஐந்தாம் வகுப்பு முழுவதும் சிரித்தது. கரும்பலகைகூடச் சிரித்திருக்கும். வாய் இல்லாததால் சும்மா இருந்துவிட்டது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? டிலானியின் வாயிலிருந்து எந்தச் செய்தியும் பிறந்த அளவில் வெளியே வந்ததில்லை. அவள் காலில் ஏறும் அட்டை புடலங்காய் நீளம் இருக்கும். அவளுடைய அப்பா ரெஜினோல்ட் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுபவர். அவர் யட்டியாந்தோட்டைச் சந்தியில் ஹோர்ன் அடித்தால் கொழும்பில் தூங்குகிற பிள்ளைகள் எழுந்து பல் விளக்கிவிடுவார்கள். அவள் வளர்க்கும் கப்பி மீன் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடியும்வரை இரை தின்னாது.

"டிலானி சொன்னா பத்தால வகுத்துக்க," என்பது வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். கணக்கில் முட்டை வாங்குகிறவர்கள்கூட அந்த வகுத்தலைப் பிழையில்லாமல் செய்தார்கள்.

அன்று சிரிக்காதவள் ஒருத்திதான். கடைசி வாங்குப் பலகையில் இருந்த கிருஷ்ணகுமாரி. அவள் எழுந்து வெளியே போனாள். டிலானி பின்னாலேயே ஓடினாள்.

மலைத் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டும் பீலியடியில் குமாரி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கத் தண்ணீர். அதில் எது பீலித் தண்ணீர், எது கண்ணீர் என்று டிலானிக்குத் தெரியவில்லை.

"எந்த ஓடைய சொன்ன?" என்று குமாரி கேட்டாள்.

"உங்க ஓடைதான். மேட்டு லயத்து ஓடை."

"அது மண்ணுக்குள்ள கெடக்கு. உன் தொட்டியில இருக்கிறது கடைச்செடி. என்கிட்ட மட்டும் பொய் சொல்லாத டிலானி."

டிலானி வாயைத் திறந்தாள். உள்ளே ஒரு சொல்லும் இல்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு அப்படி நடந்ததே கிடையாது.

அந்தத் தொட்டி பிறக்கும்போது மீன் தொட்டி இல்லை. பஜாரில் ஒரு தேநீர்க் கடையில் வடை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி. அப்பா அதை வாங்கி வந்து, ஒழுக ஒழுகப் பசை பூசி, ஒருவழியாகத் தண்ணீரை உள்ளே நிற்கவைத்தார். முதல் வாரம் கப்பிகள் உளுந்துவடையைத் தேடி அலைந்தன என்று டிலானி சொல்வாள். பத்தால் வகுத்தாலும், பெட்டியில் வடை வாசம் இருந்தது உண்மைதான்.

மீன் வந்த பிறகு செடி வேண்டும் என்று அவள் நச்சரித்தாள். அப்பா பஜாரில் மீன் விற்கும் முதலாளியிடம் ஒன்று வாங்கினார். "ஹொந்த பெலயக்," நல்ல செடி என்று முதலாளி சிங்களத்தில் புகழ்ந்து, கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் பூக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது செடி, மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இருந்த குமாரியின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையிலிருந்து வந்தது. குமாரியின் அப்பா கந்தையா மாமாதான் முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்துக் கொடுத்தார். அவருடைய முறுக்கு மீசையின் நுனியில் ஒரு துளி தண்ணீர் தொங்கியது. அந்தத் துளி விழுந்தால் ஓடையில் வெள்ளம் வந்துவிடும் என்று டிலானி சொல்ல, குமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இழுத்தா வராது புள்ள," என்றார் மாமா. "விரல உள்ள விட்டு மெதுவா கூப்பிடணும்."

அவர் கூப்பிட்டார். செடி வேரோடு வந்தது.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டபோதுதான் வேடிக்கை தெரிந்தது. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அதே நீள இலை, அதே நெளிந்த ஓரம், அடியில் அதே செம்மை. இலையை நம்பக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தார். ஒரே செடி நிழலில் பச்சையாக இருக்கும், வெயிலில் பழுப்பாகிவிடும். தண்ணீருக்குள் ஒரு வடிவம், வெளியே ஒரு வடிவம். எது எது என்று பூத்தால்தான் தெரியுமாம். தண்ணீர் வற்றி இலை வெளியே நின்றால்தான் பூக்குமாம்.

பிறகு வைகாசி மழை வந்தது.

ஒரு விடியற்காலையில் மேட்டு லயத்துக்குப் பின்னால் இருந்த மலை சரிந்தது. அதற்கு முன்பே கந்தையா மாமா வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லோரையும் கீழே அனுப்பியிருந்தார். கடைசி வீட்டுக்காரர்கள் வேறு வழியாக இறங்கிவிட்டது அவருக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தட்டப் போனவர் திரும்பி வரவில்லை. வீடுகள் மண்ணுக்குள் போயின. ஓடையும் போயிற்று.

இதைப் பற்றி டிலானி யாரிடமும் ஒரு சொல் கூட்டிச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் டிலானியின் வீட்டில் மேட்டு லயத்து ஆட்கள் தங்கியிருந்தார்கள். பாய் விரிக்க இடம் வேண்டும் என்று தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்து, அதை அடுப்படி இருட்டு மூலைக்கு நகர்த்தினார்கள். எல்லாம் அடங்கி, தொட்டி மறுபடி ஜன்னல் ஓரத்துக்கு வந்து புதுத் தண்ணீர் நிறைந்தபோது, இரண்டு செடிகளின் இலைகளும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. மறுநாள் வெந்த கீரை மாதிரி குழைந்தன. பிறகு கரைந்தே போயின.

குமாரிக்கும் அவள் அம்மா மூக்காயிக்கும் டிலானியின் லயத்திலேயே ஒற்றை அறைக் காம்பரா ஒன்று கொடுத்திருந்தார்கள். முதல் நாளே குமாரி தொட்டியைப் பார்க்கத்தான் வந்தாள். வெறும் மணலைப் பார்த்தாள்.

"இதுவும் போச்சா," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

டிலானியின் அம்மா ஹில்டாவுக்கு மூக்கு கூர்மை. தொட்டி நாறுகிறது, எல்லாவற்றையும் வாசல் சாக்கடைக் கானில் கொட்டு என்றார். டிலானி வாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர் மலை தெரிந்தது. அங்கே தேயிலைச் செடிகளை மறுபடி துளிர்ப்பதற்காகக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். பச்சையாக இருந்த தேயிலை மலை முழுவதும் வெறும் குச்சியாக நின்றது. ஓர் இலை இல்லை.

டிலானி வாளியைக் கீழே வைத்தாள்.

கவ்வாத்து வெட்டின மலையைச் செத்த மலை என்று தோட்டத்தில் யாராவது சொல்வார்களா? தேயிலையைப் பிடுங்கிக் கானில் போடுவார்களா? காத்திருப்பார்கள். வேர் இருக்கிறதே.

அவள் தொட்டிக்குள் கைவிட்டாள். மணலுக்குள் விரலை நுழைத்து, மாமா செய்தது போலவே மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அழுகின வேர் என்றால் கையோடு வந்திருக்கும். இது வரவில்லை. மணலைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, இது சாகல. கவ்வாத்து வெட்டின மாதிரி நிக்குது."

"மீன் தொட்டிக்கும் கவ்வாத்தா?" என்றார் அம்மா. ஆனாலும் வாளியை எடுத்துத் துணிக் கொடியடியில் வைத்துவிட்டார்.

அப்பா உற்சாகமாகித் தோட்டத்து உரத்தில் ஒரு பிடி போடலாமா என்று கேட்டார். கப்பிகள் தேயிலை இல்லை என்று டிலானி அவருக்கு விளக்கவேண்டியிருந்தது. அவள் அழுகின இலைகளை மட்டும் பொறுக்கி எடுத்தாள். தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள். தொட்டியை ஒரு விரல் அளவுகூட நகர்த்த யாரையும் விடவில்லை.

எதிர் மலை துளிர்த்தது. சில நாள் கழித்துத் தொட்டியிலும் ஒரு துளிர், நெல்மணி அளவில் எட்டிப் பார்த்தது.

டிலானியால் சும்மா இருக்க முடியுமா? அந்தத் துளிர் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் முழு ஓடையாகிவிட்டது. அதைத்தான் அவள் வகுப்பில் சொன்னாள். அதற்குத்தான் குமாரி எழுந்து போனாள்.

பீலியடியிலிருந்து வீட்டுக்கு வந்த டிலானி தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வந்திருப்பது ஒரே ஒரு துளிர். அதுவும் இரண்டு செடிக்கும் நடுவில். ஓடைச்செடியா, கடைச்செடியா? குமாரி கேட்டது நியாயம்தான். டிலானிக்கே தெரியாது.

அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஓடைச்செடிதான்னு அடிச்சுச் சொல்லிடு. அந்தப் புள்ள மனசு ஆறட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

"குமாரிக்குத் தெரியும்மா," என்றாள் டிலானி. "அவ அதுல பொறந்து வளந்தவ."

பூக்கவைத்தால்தான் வழி. பூக்கவேண்டுமென்றால் தண்ணீர் வற்றவேண்டும். டிலானி கப்பிகளைப் பிளாஸ்டிக் பேசினுக்கு மாற்றினாள். செடியின் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு மீதியை இறைத்தாள். ஆனால் வெளியே வந்த இலை காய்ந்துவிடுமே?

அதற்கு வழி அம்மாவின் கையில் இருந்தது. ஹில்டா வேலை செய்வது தவறணையில். தேயிலைக் கன்றுகளுக்குப் பொலித்தீன் கூடாரம் போட்டு, உள்ளே ஈரம் காத்து வளர்க்கும் இடம் அது. அங்கே கிழிந்து கழித்துப் போட்ட பொலித்தீனில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து, தொட்டிக்கும் ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு டிலானி தொட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. வகுப்பு பயந்துபோனது. டீச்சர் அவளுடைய நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். அவள் மௌனத்தின் பாரத்தில் பள்ளிக்கூடக் கூரைத் தகரம் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது.

துளிர் செடியானது. புது இலைகள் தண்ணீருக்கு வெளியே குட்டையாக, விறைப்பாக நின்றன. தைப்பொங்கல் கழிந்து வெயில் ஏறியபோது, இலைகளுக்கு நடுவில் பென்சில் கூர் போல ஒன்று நிமிர்ந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது திறந்தது.

டிலானி பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்த நிறத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வாய்க்குள் சொற்கள் முட்டி மோதின. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, பொலித்தீனை மூடி, குமாரி வீட்டு வாசலுக்குப் போனாள்.

"ஒண்ணு கேக்கணும். உங்க ஓடையில பூக்குற பூ எப்பிடி இருக்கும்?"

"ஏன்?"

"நான் சொல்ல மாட்டேன். முதல்ல நீ சொல்லு."

குமாரி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"குழல் மாதிரி இருக்கும். பழுத்த இலை மஞ்சள். தொண்டை மட்டும் கறுஞ்சிவப்பு." கொஞ்சம் நிறுத்தினாள். "நுனி முறுக்கிக்கிட்டு நிக்கும். அப்பா மீசை மாதிரின்னு நான் சிரிப்பேன்."

"வந்து பாரு," என்றாள் டிலானி.

ஜன்னல் ஓரத்தில் பொலித்தீனைத் தூக்கிவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். குமாரி குனிந்தாள். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. பிறகு சட்டென்று திரும்பி ஓடிவிட்டாள்.

டிலானி பொலித்தீனைப் பிடித்தபடியே நின்றாள். கை வலித்தது. கேட்டிருக்கவே கூடாதோ என்று தோன்றியது.

லயத்து வாசலில் காலடி கேட்டது. இரண்டு பேரின் காலடி.

குமாரி தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மூக்காயி அத்தை அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். கொழுந்து பறிக்கும்போது உடுப்பு நனையாமல் கட்டும் படங்குச் சாக்கு இடுப்பில் அப்படியே இருந்தது.

"குனிஞ்சு பாருங்கம்மா."

அத்தை குனிந்தார். கொழுந்துக் கறை படிந்த விரல் பூவின் அருகே போய், தொடாமல் நின்றது. பேசினில் கப்பிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

"முறுக்கு பத்தாது," என்றார் அத்தை கடைசியில். "உங்கப்பா இன்னும் கொஞ்சம் முறுக்குவாரு."

குமாரி சிரித்தாள். மழைக்குப் பிறகு முதல் தடவை.

"நான்தான் நம்பாம இருந்தேன்," என்றாள் அவள், அம்மாவின் கையை விடாமல். "டிலானி சொன்னதப் பத்தால வகுக்க வேணாம்மா. நெசந்தான். நம்ம ஓடை இங்கதான் இருக்கு. முழுசா இருக்கு."