கூடுதலாக ஒரு நரம்பு

ஆத்தாயியின் புறங்கையில் அன்று காலை ஒரு நரம்பு கூடுதலாக இருந்தது.

சத்யபிரியாவுக்கு நரம்பு என்றால் அத்துப்படி. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையோரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் யாருக்கு ஊசி ஏறவில்லை என்றாலும் பிரியா சிஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள், அவளும் அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வாள். போன மாதம் டாக்டரம்மா ஒரு நரம்பு லைட் வாங்கி வந்திருந்தார். தீப்பெட்டி அளவுதான். தோலோடு அழுத்தி வைத்தால் சதை செக்கச்செவேலென்று ஒளிரும், அதற்குள் நரம்புகள் மட்டும் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கைக்குழந்தை என்றால் உள்ளங்கைக்கு அடியில் வைக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தோலின் மேலேயே வைத்து இழுத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

அறை மட்டும் இருட்டாக இருக்க வேண்டும். ஊசி போடும் அறையின் ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. ஆனால் கதவு சும்மா சாத்தினால் நிற்காது, சொந்தக்காரர்கள் வேறு நிமிஷத்துக்கொரு தடவை திறந்து எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஆயா பழனியம்மாள் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள், வேலை முடிந்து உள்ளிருந்து தட்டினால் திறப்பாள். சத்யபிரியா சொன்ன யோசனைதான் அது.

"ஏஞ்சாமி, இது சுடுமா?" என்று கேட்டாள் ஆத்தாயி.

"இதா பாருங்க அம்மாயி, என்ற கையிலயே வெக்கறேன். சுடவே சுடாது."

எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள். முதலில் தன் இடது கையில் வைத்துக் காட்டிவிட்டு, பிறகு அவர்கள் கையைப் பிடிப்பாள். கிழவியின் தோல் வெங்காயச் சருகாக இருந்தது. அதற்கடியில் நரம்புகள் கிளை பிரிந்து ஓடின. அவற்றுக்குக் குறுக்கே கிளையே இல்லாத ஒரு கோடு கிடந்தது, ஒரு முனை மட்டும் சற்றே தடித்து. விரலால் அழுத்தினால் நரம்பில் ரத்தம் விலகி, கோடு மறைய வேண்டும். இது மறையவில்லை. விரலுக்கு அடியிலிருந்து மெதுவாக நகர்ந்துகொண்டது.

வயசான நரம்பு வழுக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்து நரம்பில் ஊசியை ஏற்றினாள். மறுபடி வெளிச்சத்தை வைத்துப் பார்த்தபோது அந்தக் கோட்டைக் காணவில்லை. கிழவி கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"போயிருச்சு சாமி. ரொம்ப நாளாக் கைக்குள்ள ஊந்துக்கிட்டே கெடந்துச்சு. இப்பத்தான் கை லேசா இருக்குது."

மதியம் வந்தவர் செங்கோடன், காய்ச்சலில் வந்த லாரி டிரைவர். கதவில் இடிக்காமல் உள்ளே வர முடியாத ஆகிருதி, ஊசி என்றால் மட்டும் குழந்தை. அவருக்குத் தைரியம் வரட்டும் என்று சத்யபிரியா வழக்கம்போலத் தன் மணிக்கட்டில் லைட்டை வைத்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், உங்களுக்கு நரம்பு நடக்குமுங்களா?" என்று சிரித்தார் அவர்.

அவள் குனிந்து பார்த்தாள். கிளையில்லாத கோடு. தடித்த முனை முழங்கைப் பக்கம் திரும்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு நெல் நீளம் முன்னால் போயிற்று. செங்கோடனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் நீட்டிய கையைத் தொடாமல் எழுந்து, "மாத்தரையே போதுமுங்க," என்று கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி வெளியே போய்விட்டார்.

வலியில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கைக்குள் ஒரு கனம் மட்டும் இருந்தது, ஈரத்துணியை உள்ளே திணித்து வைத்ததைப் போல. டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்றால் அவர் ஒரு சிக்கலான பிரசவத்துக்காக ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார், இன்னொரு சிஸ்டரும் அவரோடு. சொல்வதற்கும் என்ன இருக்கிறது, என் நரம்பு நடக்கிறது என்றா?

பொழுது சாய்வதற்குள் கரண்டும் போயிற்று. ஊசி போடும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. தியேட்டருக்கு மட்டும்தான் அதன் விளக்கு. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடை வராந்தா முழுக்க நிறைந்திருந்த நேரத்தில், ரஞ்சனி என்ற தறிக்காரப் பெண் தன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வகுத்தால போயிப் போயி வாடிப்போச்சுங்க சிஸ்டர். அழுகக்கூட மாட்டீங்குது."

ஏழு மாதப் பெண் குழந்தை. கண் குழி விழுந்து, உச்சிக்குழி உள்வாங்கி, கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. சேலத்துக்கு அனுப்பினால் வழியிலேயே போய்விடும். இப்போதே டிரிப்ஸ் ஏற வேண்டும், வற்றிப்போன அந்தக் கையில் நரம்பு கண்டுபிடிக்க அவளை விட்டால் ஆளில்லை.

தொட்டால் தொற்றும். கிழவியைப் பிடித்ததில்தானே வந்தது? சத்யபிரியா தன் இடது தோளுக்குக் கீழே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நெஞ்சுக்குப் போகாமல் இருக்கட்டும். இரண்டு கைக்கும் கையுறை மாட்டினாள். குழந்தைக்கும் போகாமல் இருக்கட்டும். தாயை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையோடு உள்ளே போனாள். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. ஸ்பிரிட் வாடை. ஜெனரேட்டரின் அதிர்வில் தட்டில் கிடந்த ஊசிகள் கிணுகிணுத்தன. லைட்டைக் குழந்தையின் உள்ளங்கைக்கு அடியில் கொடுத்தாள். சின்னஞ்சிறு கை சிவந்து ஒளிர்ந்தது, நடுவில் நூலைவிட மெலிதாக ஒரே ஒரு நரம்பு. நல்ல நரம்பு. கிளை பிரிந்த, அசையாத நரம்பு.

பிஞ்சுக் கை என்றால் சத்யபிரியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையுறைக்குள் விரலுக்கு நரம்பு தட்டுப்படாது. அதனால் கையுறையில் இடது ஆள்காட்டி விரலின் நுனியைப் பல்லால் கிழித்துவிடுவாள். அன்றும் கிழித்தாள். யோசிக்கவே இல்லை. வெறும் விரலால் தடவிப் பார்த்து, ஊசியைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினாள்.

ஊசியின் பின்முனையில் ரத்தம் எட்டிப் பார்த்தது. ஏறிவிட்டது! அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. குழாயை மாட்டினாள், சொட்டு இறங்க ஆரம்பித்தது. இனி பிளாஸ்திரி ஒட்ட வேண்டும், அதுவரை வலது கையால் ஊசியை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது குழந்தை அவள் விரலைப் பிடித்தது.

உயிர் வருகிறது என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு பார்த்தாள். லைட்டை ஒட்டி, குழந்தையின் மூடிய விரல்களுக்குள், கையுறை கிழிந்த தன் ஆள்காட்டி விரல்.

இடது கைக்குள் கனம் திசை திரும்பியது. மேலே கட்டு. போக வழியில்லை. அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"பழனியக்கா! கதவத் தெறங்க!"

ஜெனரேட்டர் அவள் குரலை விழுங்கிற்று. காலால் கதவை எட்டப் பார்த்தாள். எட்டவில்லை. விரலை இழுத்தாள். குழந்தை விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தால் ஊசி பிடுங்கிக்கொள்ளும். இன்னொரு நரம்பு அந்த உடம்பில் கிடையாது.

மணிக்கட்டு.

"அக்கா!"

உள்ளங்கை. விரலின் அடிக்கணு. நகத்துக்கடியில் தடித்த முனை வந்து நின்றது. மோந்து பார்ப்பதுபோல ஒரு கணம். பிறகு சிவந்த வெளிச்சத்துக்குள், மூடிய பிஞ்சு விரல்களின் இடுக்கில், நுழைந்தது.

முழுதாக.

சத்யபிரியாவின் கை லேசாயிற்று. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. உண்மையாகவே, உடம்பெல்லாம் குளிர்ந்து, அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் வலது கை ஊசியை விடவில்லை, இடது கை பிளாஸ்திரியை எடுத்து ஒழுங்காக ஒட்டியது.

தியேட்டரில் வேலை முடிந்து ஜெனரேட்டர் நின்றது. உள்ளே ஏதோ சத்தம் கேட்டுப் பழனியம்மாள் தாழ்ப்பாளைத் திறந்தாள். இருண்ட வராந்தாவிலிருந்து ரஞ்சனி ஓடி வந்தாள்.

குழந்தை கண்ணைத் திறந்திருந்தது. அழாமல், சிமிட்டாமல், சத்யபிரியாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முழிச்சுட்டா! என்ற தங்கம் முழிச்சுட்டா! நீங்க நல்லா இருக்கோணுங்க சிஸ்டர்!"

சொல்ல வேண்டும். தொடாதே என்று ஒரு வார்த்தை. சத்யபிரியா லேசாகிப்போன தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சிவந்த பிஞ்சுக் கைக்குள் கிளையில்லாத கோடு சுருண்டு, தடித்த முனையை மேலே தூக்கி, தோலுக்கு மிக அருகில் வந்து காத்திருந்தது. ரஞ்சனி அழுதுகொண்டே குனிந்து அந்தக் கையின்மேல் உதடுகளை வைத்து அழுத்தினாள்.