பன்னிரண்டாம் நிமிடம்

பதினோரு வருடங்களுக்கு முன், அவர் வேலையில் சேர்ந்த முதல் நாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அது வந்து... ஃபேன் போட்டுக்கவா?”

ஏசி அறையில் நின்றுகொண்டு ஃபேன் கேட்ட அந்த மனிதரைப் பட்டியல்காரி மறக்கவே இல்லை. பல்கலைக்கழக வீடியோ காப்பகத்தில் ஒவ்வொரு கேசட்டையும் முழுதாகப் பார்த்து, நிமிட வாரியாகக் குறிப்பெழுதிப் பட்டியலிடுவது அவள் வேலை. பழைய பிளேயர்களை உயிரோடு வைத்திருப்பது அவர் வேலை. எதற்கும் பறப்பதால் எல்லோருக்கும் அவர் ‘அவசரம்’. மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில். மாலையில் மட்டும் தனித்தனியே, ஆளில்லாத இரண்டு வீடுகளுக்குத் திரும்புவார்கள்.

இன்று காலை ஓய்வுபெற்ற பேராசிரியை கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“என் கடைசி வகுப்பு வீடியோவைக் காணோமாமே? இருபத்திரண்டு வருஷம் சும்மா கிடந்துட்டு, நான் பாக்க வர்ற அன்னிக்கா அதுக்குக் கால் முளைக்கணும்? வேற பிரதி இருக்காம்மா?”

“இல்ல மேடம். அது ஒண்ணுதான். நானே இன்னும் பாத்துப் பட்டியல் போடல.”

பட்டியல்காரி அந்த வகுப்புக்கான 317ஆம் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே எதுவும் பதியாத புதுக் கேசட்.

“திருட்டுதான்!” என்று துள்ளினார் அவசரம். “போன வாரம் வந்த தாடிக்காரர் மேலதான் எனக்குச் சந்தேகம்.” சொன்ன வேகத்தில் அலமாரி அலமாரியாகத் தேட ஓடினார்.

அவள் நிதானமாகப் பிளேயர் அறைக்குப் போனாள். தட்டில் துடைக்கும் பஞ்சு; தொட்டால் ஈரம். எந்தக் கேசட்டை ஓட்டினாலும் எழுத வேண்டிய பதிவேட்டில் இன்றைய பக்கம் காலி.

“காலிப் பெட்டி அடுக்கைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“காலிப் பெட்டியில என்ன இருக்கப்போகுது?” என்றார் அவசரம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த அடுக்கின் ஐந்தாவது பெட்டியில்தான் காணாமல்போன கேசட் இருந்தது. செங்குத்தாக நின்றது. டேப் ஆரம்பத்துக்கே சுற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வேறு.

இருவரையும் உட்கார வைத்தாள்.

“பாக்க வர்றவங்க யாரும் டேப்பைத் திருப்பிச் சுத்தி வைக்கிறதில்ல மேடம். இதை எடுத்தவர் சுத்தியிருக்கார். பிளேயரைத் துடைச்சுட்டுப் போட்டுப் பாத்திருக்கார், பஞ்சு இன்னும் காயல. எடுத்து ஒளிச்சவருக்கு அதைக் கெட்டுப்போக விட மட்டும் மனசில்ல. காலையில இங்க வந்தது நாங்க ரெண்டு பேர்தான். நான் எடுக்கல.”

பேராசிரியையின் கைத்தடி அவசரத்தின் பக்கம் திரும்பியது. பதினோரு வருடங்களில் முதல் முறையாக அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு மேடம்கூட நானும் உக்காந்து பாப்பேன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள் அவள். “நான் பாக்கக் கூடாத அளவுக்கு உள்ள என்ன சார் இருக்கு?”

“படிக்கிற காலத்துல... அதைப் படம் புடிச்சது நான்தான்,” என்றார் அவசரம். “அழிச்சிடலாம்னு பாத்தேன். கை வரல.”

கேசட் ஓடியது. மேடையில் பேராசிரியை தேனீக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நிமிடம் கேமரா மெல்ல நழுவி, மூன்றாவது வரிசையில் போய் நின்றது. அங்கே ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தில் கன்னத்தை வைத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தேனீக்கள் குரலில் மட்டும் பறந்தன. ஏழு நிமிடம் கேமரா அங்கிருந்து நகரவேயில்லை.

“அடப்பாவி! என்னை விட்டுட்டு... யாரும்மா அந்தக் கும்பகர்ணி?”

பட்டியல்காரி வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தாள்: ‘நிமிடம் 12 முதல் 19 வரை: மூன்றாவது வரிசை. மாணவி ஒருத்தி. தூங்குகிறாள்.’ பேனா நின்றது.

“நான்தான் மேடம்.”

பேராசிரியை சிரித்த சிரிப்பில் கைத்தடி கீழே விழுந்தது. “போகட்டும், குரலாவது என்னோடதா இருக்கே! ஏம்ப்பா, பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடுமா? சொல்ல வந்ததைச் சொல்லித் தொலை.”

அவசரம் தடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பட்டியல்காரியின் மேசைமுன் வந்து நின்றார்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“ஃபேனா?” என்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

“அன்னைக்கும் ஃபேன் கேக்க வரல.” அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”