மதாம்மாவின் மஞ்சள்

1931ஆம் ஆண்டு, மாசி மாதம். கொட்டாரத்து வயல்களில் கும்பப்பூப் போகத்து நெல் பழுத்து நின்றது. வியாழக்கிழமை அறுப்பு. அதற்குள் ஹெட்விக் மதாம்மா படத்தை முடித்தாக வேண்டும்.

மதாம்மா ஜெர்மனியிலிருந்து வந்த ஓவியர். அவருடைய ஊரிலேயே அவரை அதிகம் பேருக்குத் தெரியாதாம். அதற்காக ஒரு நாளும் சோர்ந்து உட்கார்ந்தவர் அல்ல. விடியும்போதே வரப்புக்குப் போய்விடுவார். ஒரே வயலை நான்கு முறை வரைந்து, நான்கையும் சரியில்லை என்று ஒதுக்கிவிட்டார். இது ஐந்தாவது. பத்து வயதுப் பூங்கனிக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். அவள் ஒரு கணக்கை இரண்டாம் தடவை போடச் சொன்னாலே அழுதுவிடுவாள்.

மதாம்மா தங்கியிருந்த பங்களாவில் பூங்கனியின் அம்மாதான் சமையல். சாயப்பெட்டியை வயலுக்குச் சுமந்து போவதும், திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பதும் பூங்கனியின் வேலை.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால், மஞ்சள் கட்டியில் பாதியைக் காணோம். இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காத மஞ்சள் அது. மஞ்சள் இல்லாமல் விளைந்த வயலை எப்படி வரைவது?

தோட்டக்காரர் கோலப்பன் எட்டிப் பார்த்தார். “ஏட்டி, உள்ளதச் சொல்லு. மிட்டாய்னு நெனச்சு நக்கினியா?”

“நான் தொடவே இல்ல மாமா.”

“நாக்க நீட்டு, பாப்போம்.”

நீட்டினாள். நாக்கு மஞ்சளாக இல்லை. பழுப்பாக இருந்தது.

“கருப்பட்டி,” என்று பூங்கனி தலையைக் குனிந்தாள்.

“அப்போ இன்னைக்குக் கருப்பட்டி, நேத்து மஞ்சளு.”

மதாம்மா புத்தகத்தில் தமிழ் படித்தவர். “ஐயா, பூங்கனி அவ்வாறு செய்யமாட்டாள்,” என்றார்.

இப்படி நம்புகிறவருக்குக் கள்ளனைப் பிடித்துக் கொடுக்க வேண்டாமா? மத்தியானம் பூங்கனி அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டியின் இடுக்கிலிருந்து எறும்புகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றின் வாயிலும் மஞ்சள் துணுக்கு.

“மதாம்மா, இந்தச் சாயத்துல இனிப்பு உண்டா?”

“தேன் கலந்துள்ளது, குழந்தாய். இறுகாமல் இருப்பதற்காக.”

பூங்கனி அடுக்களைக்கு ஓடினாள். கருப்பட்டிப் பானையை அம்மா எப்படிப் பாதுகாக்கிறாள் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினாள். நடுவில் ஒரு சட்டியைக் கவிழ்த்தாள். பெட்டியிலிருந்த எறும்புகளை உதறிவிட்டு, அதைச் சட்டியின்மேல் வைத்தாள். திரும்பி வந்த எறும்புகள் தண்ணீரைக் கண்டு திகைத்து நின்றன. கோலப்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இப்போ யாரு நக்கினது மாமா?”

“நானும் எறும்பத்தான் சொன்னேன் மக்கா,” என்றார் கோலப்பன்.

மிச்சமிருந்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டு, புதன்கிழமை சாயங்காலம் மதாம்மா படத்தை முடித்தார். வயல் தகதகவென்று இருந்தது. வரப்போரத்தில் மட்டும் பொடிப்பொடியாக ஒரு கறுப்பு வரிசை.

“எறும்பையுமா வரைஞ்சிய?”

“என் மஞ்சளில் பாதி அவற்றிடம் அல்லவா இருக்கிறது!”

பூங்கனி குனிந்து எண்ணினாள். பதினோரு எறும்புகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு புள்ளி மஞ்சள்.